குடிலன் வேஷம் யாருக்கு?

தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் தினமும் காலையில் ஒரு நாடகத்தைத் தொடங்கிவைக்கிறார்கள். சென்னைப் புறநகரான கூடுவாஞ்சேரியில் நந்திவரம் பக்கத்து அரசுப் பள்ளியானாலும் சரி, ஜிஎஸ்டி சாலையை ஒட்டிய மெட்ரிக் பள்ளியானாலும் சரி, பிரேயர் மணி அடித்ததும் வரிசையில் நின்று பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து, பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' நாடகத்தின் தொடக்கத்திலிருந்து எடுத்தது. 1970இல் அரசு அதை ஏற்றது. 2021 டிசம்பரில் மாநிலப் பாடல் என்று அறிவித்து, 55 நொடிக்குள் பாடி முடிக்க வேண்டும் என்றும் வரையறுத்தது. பாடியாகிவிட்டது, வகுப்புக்குப் போகலாம். அந்தப் பாட்டுக்குப் பின்னால் காத்திருக்கும் 5 அங்கங்கள், 20 களங்கள், ஏமாளி ராஜா, சதிகார மந்திரி, கோட்டைக்கு அடியில் ரகசியச் சுரங்கம், நள்ளிரவுக் கல்யாணம் எதையும் கண்ணால் பார்க்காமலே பன்னிரண்டு வருடப் படிப்பு முடிந்துவிடும்.

பாடநூலில் மனோன்மணீயம் வராமல் இல்லை. வரும்போது செய்யுளாக வரும். சொற்பொருள், இலக்கணக் குறிப்பு, புணர்ச்சி விதி, பாவகை. மந்திரி குடிலன் எவ்வளவு பெரிய தந்திரக்காரன் என்பது குறுவினாவுக்குள் அடங்கிப்போகும். ஆங்கிலப் பாடத்தின் கதையும் இதுதான். பத்தாம் வகுப்புத் துணைப்பாடத்தில் ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்' இருக்கிறது, ஆனால் உரைநடைக் கதையாக. பேச்சை எடுத்துவிட்டுச் சம்பவத்தை மட்டும் வைத்திருக்கிறார்கள். நாடகத்தில் பேச்சுதானே எல்லாம்?

அதே பிள்ளைகள் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அப்பாவின் போனை வாங்கிக்கொண்டு இன்னொரு ஆளாக மாறிவிடுகிறார்கள். உடை, ஆயுதம், நடை எல்லாம் அவர்களே தேர்ந்தெடுத்தவை. தோற்றால் மறுபடி முதலிலிருந்து. வேஷம் கட்டுவதும் ஒத்திகை பார்ப்பதும் வேறென்ன? நாடகத்தைக் கற்பிக்க இந்தப் பழக்கத்தை வகுப்பறைக்குள் கொண்டுவர முடியுமா என்ற கேள்வியோடு உலகத்தில் சில இடங்களில் வேலை நடந்திருக்கிறது.

கரோக்கியில் ஷேக்ஸ்பியர்

அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், டேவிஸ் வளாகத்தின் 'மாட்லேப்' என்ற ஆய்வுக்கூடம் உருவாக்கிய விளையாட்டு 'ப்ளே த நேவ்'. அதன் பின்னால் இருப்பவர் ஷேக்ஸ்பியர் ஆய்வாளர் ஜினா ப்ளூம். நாடக அரங்குக்கும் விளையாட்டுக்கும் உள்ள உறவைப் பற்றி 2018இல் தனி நூலே எழுதியவர்.

விளையாட்டு இப்படி நடக்கும். முதலில் ஒரு காட்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு எந்த மேடை, எந்த நடிகர், என்ன உடை என்று முடிவு செய்ய வேண்டும். அதாவது பிள்ளை முதலில் டைரக்டர், அப்புறம்தான் நடிகர். காட்சி தொடங்கியதும் கினெக்ட் கேமரா முன்னால் நிற்பவரின் உடல் அசைவைப் பிடித்துத் திரையில் உள்ள உருவத்துக்குக் கொடுக்கும். இவர் கை தூக்கினால் ஹாம்லெட் கை தூக்குவான். வசனம் கரோக்கி போலத் திரையில் ஓடும், அதைப் பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும். ஸ்மூல் செயலியில் இளையராஜா பாட்டுக்கு முகம் தெரியாத ஒருவரோடு ஜோடி சேர்ந்து பாடிய நம் ஊர்க்காரர்களுக்கு இது ஒன்றும் புது வித்தை இல்லை.

இதில் எனக்குப் பிடித்தது அதன் கோளாறுதான். கேமராவுக்கு முதுகைக் காட்டினாலோ ஒருவர் இன்னொருவரை மறைத்தாலோ திரையில் உள்ள உருவத்தின் கை முறுக்கிக்கொள்ளும், கால் காணாத திசைக்குப் போகும். வகுப்பே சிரிக்கும். சிரித்து முடித்த பிறகு பிள்ளைகள் தாங்களாகவே சரிசெய்துகொள்கிறார்கள்: முன்பக்கம் பார்த்து நில், பக்கத்து ஆளை மறைக்காதே, கையை உடம்போடு ஒட்டாமல் விரித்துக் காட்டு. மேடை நடிகனுக்கு வாத்தியார் முதல் வாரம் சொல்லித் தருவதும் இவைதானே?

கூத்தில் தலைமுறை தலைமுறையாக நடப்பதும் இதைப் போன்றதே. தோளில் புஜக்கட்டை, தலையில் கண்ணாடித் துண்டு பதித்த கிரீடம், மார்பில் பதக்கம். இவ்வளவு பாரத்தோடு சாதாரணமாகத் திரும்ப முடியாது, சாதாரணமாக நடக்க முடியாது. கட்டை அனுமதிக்கும் அசைவே கூத்தின் அடவாகவும் சுழற்சியாகவும் ஆனது என்று சொல்லத் தோன்றுகிறது.

ஒரு எச்சரிக்கை. கினெக்ட் கருவியைத் தயாரிப்பதை மைக்ரோசாஃப்ட் 2017இலேயே நிறுத்திவிட்டது. ஒரே நிறுவனத்தின் ஒரே பெட்டியை நம்பிப் பாடத்திட்டம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது உதாரணம். நம் பள்ளிகளில் பூட்டிய அறைக்குள் தூசி படிந்து கிடக்கும் 'ஸ்மார்ட் கிளாஸ்' பலகைகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நல்லவேளையாக, சாதாரண வெப்கேமராவை வைத்தே உடல் அசைவைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் இப்போது இலவசமாகக் கிடைக்கின்றன. பிள்ளைகளுக்கு நிரலாக்கம் சொல்லித்தரும் 'ஸ்க்ராட்ச்'சில்கூட கேமராவுக்கு முன்னால் கை அசைத்தால் திரையில் பொம்மை நகரும் வசதி உண்டு. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உள்ள ஹைடெக் லேப் இதற்குத் தாராளம்.

தென்புறத் தடத்தில் நாடகக்காரர்கள்

இதையெல்லாம் கூடுவாஞ்சேரியில் உட்கார்ந்துகொண்டு ஏன் பேச வேண்டும்? பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான ரயில் பாதை தமிழ்நாட்டில் இல்லை என்பதால்தான்.

பீச்சிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் மின்சார ரயிலில் பல்லாவரத்தில் இறங்கினால், மகேந்திரவர்மப் பல்லவனின் பட்டப்பெயர்கள் பொறித்த குடைவரை இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் 'மத்தவிலாசப் பிரகசனம்' எழுதிய அதே ராஜா. அதே பல்லாவரத்தில்தான் மறைமலையடிகள் வாழ்ந்தார். காளிதாசனின் சாகுந்தலத்தைத் தமிழாக்கி, அதற்கு ஓர் ஆராய்ச்சி நூலும் எழுதியவர். பல்லாவரத்தை ஒட்டிய பம்மல், தமிழ் நாடகத்தைப் படித்தவர்கள் மதிக்கும் கலையாக்கிய சம்பந்த முதலியாரின் பெயருக்கு முன்னால் நிற்கிறது. இப்போது அது தாம்பரம் மாநகராட்சியில் ஒரு பகுதி. அடுத்து தாம்பரம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் இங்கே வருவதற்கு முன், பாரிமுனைப் பக்கம் இருந்த காலத்தில், அங்கே தமிழ்த் துறையில் இருந்தவர் பரிதிமாற் கலைஞர். 1897இல் தமிழ் நாடகத்துக்கு 'நாடகவியல்' என்ற இலக்கணமும் கூடவே 'ரூபாவதி', 'கலாவதி' என்று நாடகங்களும் எழுதினார். 1898இல் மறைமலையடிகளை அந்தக் கல்லூரிக்குத் தமிழாசிரியராகத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். அப்போது அடிகள் வெறும் வேதாசலம். கூடுவாஞ்சேரியைத் தாண்டி மூன்றாவது ஸ்டேஷன் மறைமலை நகர். சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் தினமும் தமிழ் நாடக வரலாற்றைக் கடந்து வேலைக்குப் போய் வருகிறார்கள்.

அந்த வேதாசலம் இளைஞராக இருந்தபோது மனோன்மணீயத்தைப் படித்து மயங்கி, திருவனந்தபுரம் போய் சுந்தரம் பிள்ளையையே சந்தித்தவர். எல்லோரும் எல்லோருக்கும் வேண்டியவர்கள்தான். ஆனால் நூலும் மேடையும் வேறு வேறு வழியில் போயின. 1891ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளை, லிட்டன் பிரபுவின் 'இரகசிய வழி' என்ற ஆங்கிலக் கதையைத் தழுவி, படித்து ரசிக்க ஒரு கவிதை நாடகத்தை அச்சிட்டார். அதே வருடம் சென்னையில், பல்லாரியிலிருந்து வந்த தெலுங்கு நாடகக் குழுவைப் பார்த்துச் சொக்கிப்போன 18 வயதுச் சம்பந்தம், நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். பின்னாளில் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாகவும் உட்கார்ந்த மனிதர், தானே 'அமலாதித்ய'னாக, அதாவது ஹாம்லெட்டாக, மேடையேறினார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அரிதாரம் பூசினார்கள். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியும் அந்தச் சபையில் நடித்தவர்.

பள்ளிக்கூடம் எதை எடுத்துக்கொண்டது? பேராசிரியரின் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, நீதிபதியின் அரிதாரத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டது. எங்கே பிசகியது என்று கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

படிக்காத பையன்களோ நாடகத்தை உடம்பாலேயே கற்றார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்தபோது டி.கே. சண்முகத்துக்கு ஆறு வயது. இப்படிப்பட்ட பாய்ஸ் கம்பெனிகளின் அடியும் பசியும் நமக்கு வேண்டாம். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை செய்யுளை அர்த்தத்தோடும் ராகத்தோடும் நூறு பேர் முன்னால் சொல்ல முடியும் என்பதை அவை காட்டிவிட்டுப் போயின.

ராஜா கிளிக் செய்கிறார்

சரி, மனோன்மணீயத்தை விளையாட்டாக்கினால் எப்படி இருக்கும்? 'ட்வைன்' என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது. நிரல் தெரியாத ஆசிரியரும் கிளை பிரியும் கதையை அதில் எழுதலாம், தமிழிலேயே எழுதலாம். முதல் அங்கத்தை அதில் போடுவோம். பாண்டியன் ஜீவகனின் மகள் மனோன்மணிக்குச் சேர நாட்டுப் புருடோத்தமன் பொருத்தமான மாப்பிள்ளை என்கிறார் குரு சுந்தர முனிவர். தூது போக நடராஜன் சரியான ஆள் என்றும் சொல்கிறார். குடிலனோ தன் மகன் பலதேவனை அனுப்பலாம் என்கிறான். திரையில் இரண்டு பொத்தான்: நடராஜனா, பலதேவனா?

எந்த வகுப்பும் நடராஜனைத்தான் அழுத்தும். கல்யாணம் நிச்சயமாகிவிடும். நாடகம் முதல் அங்கத்திலேயே முடிந்துவிடும். போர் இல்லை, சுரங்கம் இல்லை, ஒன்றுமே இல்லை. விளையாட்டில் ஜெயித்துவிட்டார்கள், நாடகத்தைத் தொலைத்துவிட்டார்கள். ஆசிரியர் வாய் திறக்க வேண்டிய இடம் இது: நமக்கு இவ்வளவு சுலபமாகத் தெரிந்த விஷயம் ராஜாவுக்கு ஏன் தெரியவில்லை?

பதில் குடிலனின் பேச்சில் இருக்கிறது. ராஜா முன்னால் அவன் வில்லன் போலப் பேசுவதில்லை. ராஜபக்தி சொட்டச் சொட்டப் பேசுவான். மதுரையை விட்டுவிட்டு நெல்லையில் கோட்டை கட்டச் சொன்னவனும் அவன்தான். (நெல்லையிலிருந்து கிளம்பி வந்து கூடுவாஞ்சேரியில் மனை வாங்கியவர்களின் பிள்ளைகள் இந்த இடத்தில் காதைத் தீட்டிக்கொள்வார்கள்.) இப்போது கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகலாம். ஒரு பிள்ளை குடிலன், ஒரு பிள்ளை ஜீவகன். பலதேவனை அனுப்பச் சொல்லி ராஜாவை இரண்டு நிமிடத்தில் சம்மதிக்கவைக்க வேண்டும். சொந்தப் பேச்சில் அல்ல, சுந்தரம் பிள்ளையின் வரிகளில். நம்பினார்களா இல்லையா என்று வகுப்பு கை தூக்கிச் சொல்லும்.

அப்போது ஒன்று நடக்கும். ஆசிரியப்பாவைப் புத்தகத்தில் உள்ளபடி ஒரே மூச்சில் சொன்னால் யாருக்கும் புரியாது, சொல்கிறவனுக்கும் மூச்சு வாங்கும். எங்கே பிரிப்பது, எங்கே நிறுத்துவது என்று தேட வேண்டியிருக்கும். இவ்வளவு நாள் இரண்டு மதிப்பெண்ணுக்காகப் பிரித்து எழுதிய புணர்ச்சி, இப்போது மூச்சுக்காகப் பிரியும். கரோக்கி போலத் திரையில் வரிகளை ஓடவிடுவதாக இருந்தால் சீர் பிரித்தே ஓடவிட வேண்டும், அதுவும் முதல் தடவை மெதுவாக. சந்தி பிரிக்காமல் போட்டால் பிள்ளைகள் வாயசைப்பார்கள், வசனம் பேச மாட்டார்கள்.

யாருக்கு எந்த வேஷம் என்று வரும்போது ஜீவகனுக்குப் போட்டி இருக்காது. ராஜா வேஷத்தில் கிரீடத்தைத் தவிர வேறென்ன? நாடகம் போட்ட எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார், பிள்ளைகளுக்குப் பிடித்தது வில்லன். நம்பியாருக்கும் பி.எஸ். வீரப்பாவின் சிரிப்புக்கும் வந்த கைத்தட்டல் நமக்குத் தெரியாதா? அந்த ஆசையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். குடிலனை நம்பும்படி நடித்தவன், வாட்ஸ்அப்பில் வரும் தேன் தடவிய பேச்சையும் கொஞ்சம் முகர்ந்து பார்ப்பான்.

தெரிவு செய்ய விடுவதில் ஆபத்தும் உண்டு. சோக நாடகத்தைக் கிளிக் செய்து சுகமாக முடித்துவிடலாம் என்று ஆகிவிட்டால் சோகம் எதற்கு? 2019இல் வந்த 'எல்சினோர்' என்ற விளையாட்டு இந்தச் சிக்கலைக் கெட்டிக்காரத்தனமாகக் கையாண்டது. அதில் நாம் ஹாம்லெட் இல்லை, ஒஃபீலியா. நடக்கப்போகும் சாவுகள் அவளுக்குத் தெரியும். அதே நாட்கள் திரும்பத் திரும்ப வரும். ஒருவரைக் காப்பாற்றப் போனால் வேறோரிடத்தில் வேறொன்று இடியும். கண்ணகிக்கு இப்படி ஒன்று யாராவது செய்ய வேண்டும். கோவலன் சிலம்போடு கடைத்தெருவுக்குப் போகாமல் தடுக்க எத்தனை வழி முயன்றாலும் பொற்கொல்லன் எதிரே வந்துகொண்டே இருப்பான்.

கூடு விட்டுக் கூடு

நடிப்பே வராது என்று பின்வரிசையில் ஒளிந்துகொள்ளும் பிள்ளைக்குத் திரை உருவம் பெரிய தைரியம். எல்லோர் கண்ணும் திரையில் இருக்கும், அவள் மேல் இருக்காது. இதற்குப் பொருத்தமான நாடகம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 'பகவதஜ்ஜுகம்' என்ற வடமொழிக் கேலி நாடகத்தை மகேந்திரவர்மன் எழுதியதாக ஒரு சாரார் சொல்வார்கள், போதாயனர் எழுதியதாக இன்னொரு சாரார். எமதூதன் ஆள் மாறி ஒரு கணிகையின் உயிரைக் கொண்டுபோய்விடுகிறான். சீடனுக்கு யோகத்தின் பெருமையைக் காட்ட ஒரு துறவி அவள் உடம்புக்குள் புகுந்துகொள்கிறார். தப்பை உணர்ந்து திரும்பி வந்த எமதூதன், வேறு வழியின்றி அவள் உயிரைத் துறவியின் உடம்பில் போட்டுவிடுகிறான். கணிகை வேதாந்தம் பேசுகிறாள், சாமியார் கொஞ்சுகிறார். கேமரா முன் இரண்டு பிள்ளைகளை நிறுத்தி, நடுக்காட்சியில் உருவங்களை மாற்றிவிட்டால் போதும். குரல் ஒன்று, உடம்பு வேறு என்பதை அதற்குமேல் விளக்க வேண்டாம். மேல்வகுப்புக்கே சரிப்படும் நாடகம், அதிலும் வெட்ட வேண்டியதை வெட்டித்தான்.

'மத்தவிலாச'த்திலும் விளையாட்டுக்கு ஏற்ற முடிச்சு இருக்கிறது. காஞ்சிபுரத் தெருவில் ஒரு காபாலிகன் தன் கபாலப் பாத்திரத்தைத் தொலைத்துவிட்டு, பௌத்தத் துறவிதான் திருடினார் என்று சண்டை வளர்க்கிறான். கடைசியில் நாய் கவ்விக்கொண்டு போன பாத்திரம் ஒரு பைத்தியக்காரன் கையில் கிடைக்கிறது. தடயம் தேடும் விளையாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? என்ன, காபாலிகன் நாடகம் முழுக்கக் குடிபோதையில் இருக்கிறான். பெற்றோர் கூட்டத்தில் அதற்குப் பதில் சொல்ல தைரியமான தலைமையாசிரியர் வேண்டும்.

பார்வையாளரை ஆட்டத்துக்குள் இழுப்பதும் இந்த வட்டாரத்துக்குப் புதிது இல்லை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்தின் கடைசி நாள் படுகளத்துக்குப் போய்ப் பாருங்கள். ராத்திரி முழுக்க மேடையில் ஆடிய பீமனும் துரியோதனனும் விடிந்ததும் மண்ணுக்கு இறங்கி வந்துவிடுவார்கள். மைதானத்தில் பிரம்மாண்டமான மண் துரியோதனன் மல்லாந்து கிடப்பான். அதைச் சுற்றி இவர்கள் துரத்திக்கொண்டு ஓட, ஊரும் பின்னால் ஓடும். தொடையில் அடி விழுந்ததும் உள்ளே புதைத்து வைத்த சிவப்பு வழியும், திரௌபதி கூந்தல் முடிவாள். அங்கே சும்மா உட்கார்ந்து பார்க்கிறவர் யாரும் இல்லை. காஞ்சிபுரம் அருகே பெ. ராஜகோபாலும் ஹன்னா டி புருயினும் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலம், இந்தக் கலையையும் பள்ளிப் படிப்பையும் ஒரே கூரையின் கீழ் வைத்து, பெண் பிள்ளைகளுக்கும் கட்டை கட்டிவிட்டது. 2020இல் அது மூடப்பட்டது நமக்கு நஷ்டம்.

இலங்கையில் நிலைமை வேறு. 'நாடகமும் அரங்கியலும்' அங்கே சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் தேர்வு எழுதும் பாடம். சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கூத்தாட வைத்தார். 'இராவணேச'னில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பின்னால் பேராசிரியரானார், சிறுவர் நாடகங்களும் எழுதினார். யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் பள்ளிகளுக்கென்றே நாடகம் எழுதி ஆசிரியர்களையும் பழக்கினார். பாடம் என்று ஆனதால் ஆசிரியர் வேலையும் உண்டு, அட்டவணையில் பீரியடும் உண்டு. பாடமானால் மனப்பாடமும் வந்துவிடுமே என்று கேட்கலாம். வரட்டும், ஒன்றுமில்லாததற்கு அது மேல்.

நம்மிடம் இருப்பது 2022இல் தொடங்கிய கலைத் திருவிழா. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளி அளவிலிருந்து மாநில அளவு வரை போட்டி, நாடகமும் அதில் உண்டு, வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். நல்ல காரியம். ஆனால் போட்டி நாடகம் பெரும்பாலும் நெகிழி ஒழிப்பு, போதை ஒழிப்பு என்று கருத்து சொல்வதோடு நின்றுவிடுகிறது. மாறுவேடப் போட்டியில் கட்டபொம்மன் வசனம் பேசாத பள்ளி இல்லை. அந்தப் பிள்ளைகள் அதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. 1959இல் வந்த படத்தை இன்று யூடியூபில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, சிவாஜியின் புருவத்தைக்கூட விடாமல் பிடித்திருக்கிறார்கள். திரையும் உடம்பும் சேர்ந்து நாடகம் கற்பிக்கும் என்பதற்கு வெளிநாட்டு ஆராய்ச்சி எதற்கு?

பெற்றோர் தரப்பில் 'கேம்' என்ற சொல்லுக்கே முகம் சுளிப்பு இருக்கிறது. அதில் நியாயமும் இருக்கிறது. ஆன்லைன் ரம்மியில் பணத்தோடு உயிரையும் விட்டவர்களைப் பார்த்த மாநிலம் இது, 2023இல் அதற்கென்று சட்டமே வந்தது. அதனால் இந்த விளையாட்டு பிள்ளையின் போனில் இருக்க வேண்டாம். பள்ளியின் ஒரே கம்ப்யூட்டரில், ஒரே புரொஜெக்டரில், நாற்பது பேர் சுற்றி நின்று பார்க்க, இரண்டு பேர் நடிக்கும் ஆட்டமாக இருக்கட்டும். தனியாக உட்கார்ந்து ஆடினால் அதில் நாடகம் இல்லை.

செலவு பெரிதில்லை. பதிப்புரிமைத் தொல்லையும் இல்லை. சுந்தரம் பிள்ளை 1897இல் போனவர். சம்பந்த முதலியார் 1964இல் மறைந்தார், 60 ஆண்டு கடந்துவிட்டது. ஹாம்லெட்டை அமலாதித்யனாகவும் மேக்பெத்தை மகபதியாகவும் அவர் மாற்றி எழுதிவைத்தவற்றை எந்த ஆசிரியரும் எடுக்கலாம், வெட்டலாம், ஒட்டலாம், விளையாட்டாக்கலாம். அனுமதி கேட்க வேண்டியது ஒரே ஓர் இடத்தில்தான். தலைமையாசிரியர் அறைக்குப் போய், வாரத்துக்கு ஒரு பீரியட் வேண்டும், அதைக் கணக்கு சார் கடன் கேட்டால் கொடுக்கக் கூடாது என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.